பரமபதம் பசறைக்கு வந்த வழி

பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பென்சில், அழிறப்பர், கொப்பி உறைகளோடு சேர்த்து ஒரு மடிப்பு அட்டையும் தொங்கும். ஒரு பக்கம் லூடோ, திருப்பினால் பாம்பும் ஏணியும். கூடவே சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பையில் நாலு நிறக் காய்களும் ஒரு பகடையும் இருக்கும். பகடை இரண்டாம் நாளே தொலைந்துவிடும். காய்கள் ஒரு கிழமை தாங்கும். அட்டை மட்டும் மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் வருசக்கணக்கில் கிடக்கும்.

சொர்க்கத்துக்கு வழி காட்டப் பிறந்த அட்டை இது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வேண்டியவர்கள் தமிழ்நாட்டில் பரமபத சோபானப் படத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீழே மண்ணுலகம், உச்சியில் வைகுண்டம். நல்வினை செய்தவனுக்கு ஏணி, தீவினை செய்தவனுக்குப் பாம்பு. இதே ஆட்டத்தைச் சமணர்கள் தங்கள் கருமக் கணக்குக்கு ஏற்ப வரைந்துகொண்டார்கள். சூபிகளும் தங்களுக்கென்று ஒன்று வைத்திருந்தார்கள். பழைய படங்களில் பெரும்பாலும் ஏணி குறைவு, பாம்பு அதிகம். வாழ்க்கையைப் பார்த்தவர்கள் வரைந்த படம், வேறு எப்படி இருக்கும்? அங்கே கட்டத்தின் எண்ணை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கட்டத்தில் இருந்த பெயர்தான் முக்கியம். எந்தப் பாவத்தில் நிற்கிறோம், எந்தப் புண்ணியத்தில் ஏறினோம் என்பதுதான் பேச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் படம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1892-ல் எஃப். எச். ஏயர்ஸ் என்ற இலண்டன் விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் அங்கே பாம்பு ஏணிக்கு உரிமம் பதிந்தார். அதற்கு இரண்டு வருசம் முன்புதான், 1890-ல், தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கியிருந்தார். தம்பேதென்னத் தொழிற்சாலை அவர் கட்டியது. நம் ஆட்கள் பறித்த கொழுந்தும், நம் ஆட்கள் ஆடிய பரமபதமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் அந்த நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. தேயிலைக்காவது பெட்டியில் ‘சிலோன்’ என்று எழுதியிருந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் வைகுண்டத்தை எடுத்துவிட்டுத் தங்கள் ஒழுக்கப் பட்டியலை வைத்தார்கள். சிக்கனமும் உழைப்பும் ஏணியாயின, சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்பாயின. பாம்பையும் ஏணியையும் ஏறக்குறைய சமமாக்கினார்கள். போகப் போக அந்த நீதிப் படங்களும் உதிர்ந்து, ஒன்று முதல் நூறு வரையுள்ள வெறும் எண்கள் நின்றன. 1943-ல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். மழைக்காலத்தில் முழங்காலில் அட்டைப்பூச்சியும் முகத்துக்கு நேரே குளவியுமாகக் கொழுந்து பறிக்க மலையேறும் தாய்மாரின் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆன்மா போய், நீதி போய், மிஞ்சியது எண் வரிசை மட்டும்தான். அந்த மிச்சத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குத் தேவையான சரக்கு இருந்தது என்பது தெரிய இன்னும் அறுபது வருசத்துக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் ஒரு ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். வறிய குடும்பங்களைச் சேர்ந்த, நாலைந்து வயதுப் பிள்ளைகள் 124 பேர். ஒரு கூட்டத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண்கள் எழுதிய நேர்கோட்டுப் பலகை. மற்றக் கூட்டத்துக்கு அதே பலகைதான், ஆனால் எண்ணுக்குப் பதிலாக நிறங்கள். இரண்டு கிழமைக்குள் நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் வரை ஆட்டம். அவ்வளவுதான். எண் பலகையில் ஆடிய பிள்ளைகள் எண்களை ஒப்பிடுவதிலும், எண்ணுவதிலும், எண்ணைப் பார்த்துச் சொல்வதிலும், ஒரு கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்று காட்டுவதிலும் முன்னேறினார்கள். ஒன்பது கிழமைக்குப் பிறகு பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிறப் பலகைக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

காரணம் சிக்கலானதல்ல. எட்டாம் கட்டத்துக்குப் போக, நாலாம் கட்டத்துக்குப் போவதைவிட இரண்டு மடங்கு தூரம் காயை நகர்த்த வேண்டும், இரண்டு மடங்கு பெயர் சொல்ல வேண்டும், இரண்டு மடங்கு நேரமும் ஆகும். எட்டு என்பது நாலைவிட எவ்வளவு பெரியது என்பதைக் கையும் வாயும் சேர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. பலகையை வட்டமாக வளைத்தபோது பலன் குறைந்தது என்று அடுத்த வருசமே அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்தக் கதைக்குள் பதுளை எங்கே வருகிறது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்ற சட்டக் கடமை துரைமாருக்கு 1907-ல்தான் வந்தது. 1920-ன் கல்விச் சட்டம் அதைக் கொஞ்சம் இறுக்கியது. சட்டத்தில் இருந்தது பள்ளிக்கூடம், தோட்டத்தில் இருந்தது கொட்டகை. ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும், காலையில் சில மணி நேரம். பத்து வயதானால் பிரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் போடுவதுதான் அடுத்த வகுப்பு. 1977-க்குப் பிறகுதான் அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூடங்களைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எண்பதுகளில் சுவீடன் நாட்டின் சீடா நிதி வந்து கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் ஓரளவு சீராயின. அதுவரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்றால் பெல் அடித்த பிறகு நடப்பது.

ஆனால் லயத்தில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. தாயம் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வரும்போது மூட்டையில் இடமே கேட்கவில்லை. கோடு கிழிக்க ஒரு தரையும், சமையலில் மிஞ்சிய நாலு புளியங்கொட்டையும் போதும். கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் பகடை தயார். சித்திரைப் புத்தாண்டு வந்தால் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வீடுகளில் சோழி உருட்டிப் பஞ்ச ஆடுவார்கள். இங்கே தாயம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் யாரும் பாடம் நடத்தாமலே கூட்டல் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடக் கதவு விளையாட்டுக்குத் திறந்தது 1997-ல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தோடு. 1998-ல் கம்பஹா மாவட்டத்தில் பார்த்துவிட்டு 1999-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, கற்பிக்கும் முறையையும் மூன்றாகச் சொன்னார்கள்: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2-ல் விளையாட்டும் செயற்பாடும் தூக்கலாக இருக்க வேண்டும், 3, 4-ல் மூன்றும் சமமாக, 5-ல் மேசை வேலை கூடுதலாக. நல்ல திட்டம்தான். அதற்கு எதிரே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை உட்கார்ந்திருக்கிறது. பெற்றோருக்கும் அதிபருக்கும் கல்வி வலயத்துக்கும் அந்தப் புள்ளிதான் கண்ணில் தெரிவதால், மேசை வேலை தரம் 3-க்கே இறங்கி வந்துவிடுகிறது. பாம்பு ஏணி அலுமாரிக்குள் போகிறது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு தடையும் உண்டு. ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்பு, இடையில் சுவர் கிடையாது. தரம் 2 பிள்ளைகள் பகடை உருட்டிக் கத்தினால் தரம் 4-ல் பாடம் நடக்காது. பகடைக்குப் பதில் புளியங்கொட்டையை ஒரு துண்டுச் சாக்கின் மேல் வீசச் சொன்னால் பாதிச் சத்தம் போய்விடும். மீதிச் சத்தத்தைப் பக்கத்து வகுப்பு டீச்சர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பசறைப் பக்கத்தில் ஒரு தரம் 2 வகுப்பில் நான் பார்த்த பலகை கடையில் வாங்கியதல்ல. மா மூட்டைச் சாக்கைப் பிரித்து, உட்புறத்தில் டீச்சர் பெயின்ட் பேனையால் கட்டம் போட்டிருந்தார். பாம்பு இல்லை, குளவிக்கூடு. ஏணி இல்லை, மலையில் கீழ்க்கணக்கிலிருந்து மேல்கணக்குக்கு ஏறும் குறுக்குப் படிக்கட்டு. காய் என்பது சட்டைப் பொத்தான். நாலு புளியங்கொட்டையில் எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம். எல்லாம் கறுப்பு விழுந்தால் பூச்சியம், நகரக் கூடாது. ஆறு முகப் பகடையில் பூச்சியம் கிடையாது. இந்தப் புளியங்கொட்டையில் அது அவ்வப்போது விழுகிறது. பூச்சியம் என்றால் இருந்த இடத்திலேயே இருப்பது என்பதை அந்த வகுப்பில் யாரும் கரும்பலகையில் எழுதி விளக்கவில்லை.

ஒரு பையன் பதினேழில் நின்றான். நாலு வெள்ளை விழுந்தது. பொத்தானை நகர்த்தாமல், நின்ற கட்டத்தையே தொட்டு “ஒண்ணு” என்றான். அடுத்தடுத்து “ரெண்டு, மூணு, நாலு” என்று இருபதில் வந்து நின்றான். எதிரே இருந்தவள் விடவில்லை.

“ஏய், நீ நிக்கிற எடத்தையே எண்ணிட்ட.”

டீச்சர் குனிந்து, “நின்ன எடத்த விட்டுட்டுப் போ. ஒண்ணு ரெண்டு சொல்லாத. கட்டத்தோட பேரச் சொல்லிக்கிட்டே போ” என்றார்.

“பதினெட்டு… பத்தொம்பது… இருவது… இருவத்தொண்ணு.”

இருபத்தொன்றில் குளவிக்கூடு. மூன்றுக்கு இறங்கினான். பேசாமல் இருபதிலேயே நின்றிருக்கலாமே என்று அவன் முகம் சொன்னது.

அந்த டீச்சர் சொன்ன ஒரு வரிக்குள் ஒரு ஆய்வே இருக்கிறது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் வெளியிட்ட கட்டுரை அது. நூறு வரை போகும் பலகையில் ஒரு கூட்டம் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி நகர்ந்தது. இன்னொன்று நின்ற எண்ணிலிருந்து தொடர்ந்து, கட்டங்களில் எழுதியிருந்த எண்களைச் சொல்லி நகர்ந்தது. பலகை ஒன்று, ஆட்டம் ஒன்று, நேரமும் ஒன்று. எண்களைப் பற்றிய அறிவு தொடர்ந்து எண்ணியவர்களுக்கே கூடியது. பலகை இருந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் கண்ணும் வாயும் அந்த எண்ணில் பட வேண்டும்.

கடைப் பலகையில் இன்னொரு குறையும் உண்டு. அதன் எண்கள் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரியில் வலமிருந்து இடமாகத் திரும்பும். பரமபதத்தில் அது பொருத்தம்தான், மலைப்பாதை போல வளைந்து ஏறும். கணக்குப் படிக்கும் பிள்ளைக்கோ அது இடைஞ்சல். ஏழுக்கு நேர் மேலே பதினான்கு நிற்கிறது, பதினேழு வேறெங்கோ கிடக்கிறது. எல்லா வரியையும் இடப்பக்கமிருந்தே தொடங்கி எழுதினால் ஏழு, பதினேழு, இருபத்தேழு ஒரே நேர்கோட்டில் அடுக்கடுக்காக ஏறும். பத்தைக் கூட்டுவதென்றால் ஒரு வரி மேலே போவது என்று பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும். சாக்குப் பலகை அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. நூறு வரை போகாமல் ஐம்பதோடு நின்றதும் நல்லதே. அமெரிக்கச் சறுக்குமரப் பலகையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், ஒருவர் தனியாக ஆடினாலே முடிக்கச் சராசரியாக 39 முறை உருட்ட வேண்டும் என்கிறார்கள். நாலு பேர் ஆடினால் பாடவேளை முடியும், ஆட்டம் முடியாது.

பிறகு ஆட்டம் போனுக்குள் ஏறியது.

2016-ல் மும்பைக்குப் பக்கத்திலுள்ள நவி மும்பையின் கேமேஷன் நிறுவனம் லூடோ கிங்கை வெளியிட்டது. கடை அட்டையைப் போலவே அதற்குள்ளும் லூடோவோடு பாம்பு ஏணி இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, அப்பாவின் போனோ கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய போனோ இருந்த காம்பராக்களில் அதுதான் ஓடியது. அதே போனில்தான் வாட்ஸ்அப் வழியாகப் பாடமும் வந்தது. டீச்சர் அனுப்பிய கணக்குத் தாளைப் போட்டோ பிடித்து, கொமினிகேஷன் கடைக்கு ஓடிப் பிரின்ட் எடுத்து, எழுதி, மறுபடி போட்டோ பிடித்து அனுப்பிய தாய்மார் எத்தனை பேர். ரீலோட் போட்ட காசு ஒரு நாள் கூலியில் எவ்வளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சிக்னல் இல்லாத இடங்களில் அதுவும் இல்லை. லுணுகலைப் பக்கம் மலையுச்சிக் காட்டில், தரையிலிருந்து முப்பதடி உயரத்து மரவீட்டில் ஏறிப் பிள்ளைகள் பாடம் கேட்டதை 2021-ல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. நாட்டின் 43 லட்சம் மாணவரில் அதிகம் போனால் 40 சதவீதம் பேருக்குத்தான் இணைய வகுப்பு எட்டியது என்றார் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின். அடுத்த வருசம் பொருளாதார நெருக்கடியில் கடதாசியே இல்லை. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. மா மூட்டைச் சாக்கு பலகையானதை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போனில் ஆடும் பாம்பு ஏணியை ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பகடையை விரலால் தட்டுகிறது. பகடை தானே உருள்கிறது, விழுந்ததைச் செயலியே படிக்கிறது, காயையும் அதுவே டக்டக்கென்று நகர்த்துகிறது. ஏணி வந்தால் ஏற்றுகிறது, பாம்பு வந்தால் இறக்குகிறது. பிள்ளை செய்தது ஒரு தட்டல். எண்ணியது, கூட்டியது, பெயர் சொன்னது எல்லாம் போன்தான். பின்னணியில் பாட்டு, மேலே மின்னும் நட்சத்திரம், பிள்ளையின் கண்ணும் அகலவில்லை. ஆர்வம் இருக்கிறது, கணக்கு இல்லை. வைகுண்டத்தை இலண்டனில் இழந்த ஆட்டம், எண்ணும் வேலையை இங்கேதான் இழந்தது. பொழுதுபோக்காக ஆடினால் குற்றமில்லை. அதைக் கல்வி என்று சொல்லி டெப்பில் ஏற்றிக் கொடுக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

திரை என்றாலே கேடு என்று சொல்ல வரவில்லை. ஜிகாம்ப்ரி என்ற கட்டற்ற மென்பொருளை 2000-ல் பிரான்ஸ்காரர் ஒருவர் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒருமுறை பதித்துவிட்டால் இணையமும் வேண்டாம். மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், சில இடங்களில் மொழிபெயர்ப்பு குறையாகத்தான் இருக்கிறது. அதில் பகடைகள் மேலிருந்து விழும். தரையைத் தொடுவதற்குள் பிள்ளை புள்ளிகளை எண்ணி அந்த எண்ணை அழுத்த வேண்டும். எண்ணுகிற பொறுப்பு பிள்ளையிடமே இருக்கிறது. சிக்னல் இல்லாத மடுல்சீமைப் பள்ளிக்கூடத்தின் பழைய கணினியிலும் இது ஓடும். ஆசிரியைகள் தாங்களே செய்துகொள்ளும் வினாடிவினா ஆட்டங்களும் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றில் பலவற்றில் விரைவுக்குத்தான் புள்ளி, யோசித்துச் சொல்பவள் எப்போதும் கடைசியில் நிற்கிறாள். தரம் 1-க்கும் 2-க்கும் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. அதிலிருந்து தாள்களை இறக்கித் தரையில் விரிக்கும் ஆசிரியையே அதை முழுமையாகப் பயன்படுத்துகிறார்.

கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து மலையகப் பள்ளிக்கூடங்களுக்கு டெப் வாங்கிக் கொடுக்க முன்வருகிறவர்கள் வருசா வருசம் கூடுகிறார்கள். கொடுங்கள், தேவைதான். பெட்டியைக் கட்டுமுன் அதில் ஏற்றியிருக்கும் ஒவ்வொரு விளையாட்டையும் நீங்களே ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். பகடையைப் படிப்பதும் காயை நகர்த்துவதும் பிள்ளையா, இயந்திரமா என்று கவனியுங்கள். இயந்திரம் என்றால் அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். அதே பெட்டியில் வெண்கட்டி ஒரு பாக்கெட்டும், பெயின்ட் பேனை இரண்டும் வையுங்கள். சாக்கும் புளியங்கொட்டையும் தோட்டத்தில் இருக்கின்றன.